உத்தியோக நாட்டமும் பண்பாட்டுப் பின்னணியும்: ஒரு விமர்சனக் குறிப்பு

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்' என்பது யாழ்ப்பாணத்திலே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. இதனைச் சொல்பவர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்வர். தம் மகனுக்கு வேலை தேடும் வேளையிலோ மகளுக்கு மாப்பிள்ளை தேடும் வேளையிலோ அச்சிரிப்பு மறைந்துவிடும். யாழ்ப்பாணத்தவரின் இயல்பு பற்றிப் பேச முற்படுவோர் அனைவரும் இம்முதுமொழியையே முதற் சான்றாகக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அரசாங்க உத்தியோகத்தின்மீது இச்சமூகத்துக்குள்ள தணியாத நாட்டம் அதன் பண்பாட்டிலே ஊறியது என்றும், ஆகவே மாணவரது தொழில் தெரிவை அவர்தம் பண்பாட்டுப் பின்னணியே நிர்ணயிக்கிறது என்றும் கூறி அமைவர். பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தொழில் வழிகாட்டல் என்ற பெயரில் நிகழும் உரைகளிலே இக்கருத்து ஐயத்துக்கிடமற்ற உண்மைபோல எடுத்தாளப்படுகிறது.

இக்கருத்து முற்றிலும் பொய் என்பதன்று எமது வாதம். பண்பாட்டுப் பின்னணி என்று சொன்னவுடன் விளக்கம் முடிந்துவிட்டது என்று கருதுவதையே நாம் மறுக்கிறோம். ஒரு சமூகம் ஏன் ஒரு தொழிலை விரும்புகிறது என்ற வினாவுக்கு, அத்தொழிலை விரும்புவது அதன் பண்பாடு என்று விடை பகர்வது வினாவையே விடையாகத் திருப்பித் தருவதாகும். அப்பண்பாடு எங்கிருந்து வந்தது, யாருக்கு உரியதாயிருந்தது, யாரை வெளியே நிறுத்தி உருவாகியது என்பனவற்றைக் கேட்டாலன்றி இவ்விடயத்திலே தெளிவு பிறக்காது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறுகள் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைமீது படிந்த மண்ணிலே, துலா மிதித்துக் கிணற்று நீரிறைத்துச் செய்யப்பட்ட தோட்டப் பயிர்ச்செய்கையே அதன் பொருளாதாரத்தின் ஆதாரம். திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான புகையிலை பணத்தைக் கொணர்ந்தது; ஆனால் நிலம் விரியவில்லை. இருந்த காணியும் துண்டு துண்டாகப் பிரிந்துகொண்டே போயிற்று. இப்பிரிவினையை வழிநடத்தியது ஒல்லாந்தரால் 1707 இலே சட்டத் தொகுப்பாக ஆக்கப்பட்ட தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என அது வகுத்த சொத்துரிமையிலே, காணியின் பெரும்பகுதி சீதனமாக மகளிர் வழியே கைமாறியது. மகன் காணி பெறுவதற்கு எளிய வழி, காணியுள்ள பெண்ணை மணத்தலே. அத்தகைய சீதனத்துக்குத் தகுதியுடையவனாக அவனைக் காட்டியது எது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கேள்வி.

அதற்கு விடையளித்தது ஆங்கிலக் கல்வி. 1816 இலே வந்த அமெரிக்க மிசனரிமார் 1823 இலே வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். சமயத்தைப் பரப்ப வந்த அவர்களுக்கு விரைவிலே ஓர் உண்மை புலனாயிற்று: மாணவர் வந்தது வேதத்தை நாடியன்று, ஆங்கிலத்தையும் அதன்வழிக் கிட்டும் உத்தியோகத்தையும் நாடியே. 1855 இலே அச்செமினரி மூடப்பட்டமைக்கு இவ்வதிருப்தியும் ஒரு காரணம். ஆயினும் விதை ஊன்றியாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே. தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலே அழியாப் புகழ் பெற்ற தாமோதரம்பிள்ளை சென்னையிலே அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம் வகித்தவர் என்பதைத் தமிழறிஞர் போகிற போக்கிலே குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவர். கலித்தொகை அச்சேறியதற்குப் பின்னால் ஒரு கணக்காளரின் மாதச் சம்பளமும் இருந்தது என்பதிலே வெட்கப்பட எதுவுமில்லை.

மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீனின் அனுபவம் இவ்விடத்திலே நினைவுகூரற்பாலது. 1847 இலே இங்கு வந்த அவர், பின்னர் தமது மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். தமிழ்மீது அவர் கொண்ட மதிப்பையே நாம் வழக்கமாகப் பாராட்டுகிறோம். ஆனால் அம்முடிவிலே வேறொரு கணக்கும் இருந்தது. ஆங்கிலத்திலே கற்றவர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவர். தமிழிலே கற்றவரே தம் ஊரவரிடையே தங்கி மருத்துவம் பார்ப்பர் என்று அவர் எண்ணினார். தொழில் தெரிவு என்பது மனப்பாங்கினால் மட்டும் அமைவதன்று, கற்கும் மொழியும் அது திறந்துவிடும் வாயிலும் அதனைத் திசைதிருப்பும் என்பதை வெளிநாட்டவரான அவர் நன்கு விளங்கியிருந்தார்.

திறந்த வாயில்கள் கொழும்போடு நின்றுவிடவில்லை. நூற்றாண்டின் இறுதியிலே மலாயாவின் புகையிரதப் பகுதியும் அளவைப் பகுதியும் எழுதுவினைஞர் பதவிகளும் யாழ்ப்பாண இளைஞரை அழைத்தன. அங்கிருந்து வந்த பணத்திலே கல்வீடுகள் எழுந்தன. மலாயாப் பென்சனியர் என்றொரு சமூகப் பிரிவே தோன்றிற்று. மணியோடர்ப் பொருளாதாரம் என்று பின்னாளிலே எள்ளலாகக் குறிப்பிடப்பட்ட வாழ்க்கை முறை இவ்வாறே நிலைபெற்றது. உத்தியோகத்தவனுக்குச் சீதனம் கூடியது. கூடிய சீதனம் உத்தியோகத்தை மேலும் விரும்பத்தக்கதாக்கியது. இச்சுழலைத்தான் நாம் பின்னர் பண்பாடு என்று அழைக்கத் தொடங்கினோம்.

பெண்களின் நிலை இதனின்று வேறுபட்டதன்று. 1824 இலே உடுவிலில் தொடங்கிய மகளிர் பாடசாலையின் நோக்கங்களுள் ஒன்று, வட்டுக்கோட்டையிற் கற்ற இளைஞருக்கு ஏற்ற துணைவியரை உருவாக்குதல். பின்னாளிலே பெண்ணுக்கு ஆசிரியத் தொழிலே உகந்தது என்று குடும்பங்கள் முடிவுசெய்தபோது, அதிலும் சீதனக் கணக்கு மறைந்தே நின்றது. சம்பளம் வாங்கும் ரீச்சருக்குக் காணி சற்றுக் குறைந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துக்கொள்வர் அல்லவா?

இதுவரை கூறியது யாழ்ப்பாணச் சமூகத்தின் ஒரு பகுதியின் கதை மட்டுமே. யாழ்ப்பாணத்தவரின் கல்விப் பற்று என்று பெருமையோடு பேசுவோர், அக்கல்விக்கூடங்களின் வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்டவரும் யாழ்ப்பாணத்தவரே என்பதை வசதியாக மறந்துவிடுவர். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது, 1930 ஆம் ஆண்டளவிலே சில பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. கல்வியை உயிரென மதித்த அதே பண்பாடுதான் பாடசாலைக்குத் தீயும் வைத்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்காத எந்த விளக்கமும் பாதி விளக்கமே.

டொமினிக் ஜீவாவின் வாழ்க்கையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பள்ளியிலே சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டு இளம்வயதிலேயே கல்வியை விட்ட அவர் குலத்தொழிலான சவரத் தொழிலையே மேற்கொண்டார். இதனை அவரது தொழில் தெரிவு என்று எவரேனும் சொல்வாராயின் அது குரூரமான நகைச்சுவையாகவே முடியும். பின்னர் அதே சலூனிலிருந்தே 1966 முதல் 'மல்லிகை'யை வெளிக்கொணர்ந்து, ஈழத்து இலக்கியத்தின் போக்கையே அவர் பாதித்தார். அவரது பின்னணி அவருக்கு விதித்தது ஒன்று; இடதுசாரி இயக்கத்தோடும் எழுத்தாளரோடும் கொண்ட உறவு அவருக்கு அளித்தது மற்றொன்று. பின்னணியே யாவற்றையும் நிர்ணயிக்கிறது என்போர் இவ்வகை வாழ்க்கைகளுக்கு என்ன பெயர் சூட்டுவர் என்று அறிய ஆவலாயுள்ளோம்.

சாதியினால் விளைந்த பிறிதொரு கேட்டைப் பலர் கவனிப்பதில்லை. கொல்லரும் தச்சரும் தட்டாரும் கையினாற் பொருள் செய்யும் நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். அவர்களுக்கு உயர்கல்வி எளிதிற் கிட்டவில்லை. உயர்கல்வி கிட்டியவரோ கையாற் செய்யும் வேலையைத் தமது நிலைக்கு ஒவ்வாததென்று ஒதுக்கினர். ஆக, கையறிவும் ஏட்டறிவும் ஒரே சமூகத்துள்ளே ஒன்றையொன்று சந்திக்காமலே வாழ்ந்தன. நாம் பொறியியலாளரைப் பெருந்தொகையாக உருவாக்கினோம். ஆனால் அவர்கள் விரும்பியது பட்டறையையன்று, திணைக்களத்தின் மேசையையே. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் வாழைச்சேனைக் காகித ஆலையும் அரசினால் நிறுவப்பட்டவை. கல்வியிற் சிறந்த எமது மத்தியதர வர்க்கம் தானாக முன்வந்து அத்தகைய பெருந்தொழில் முயற்சிகளிலே இறங்கியது அரிது. தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் பல்கலைக்கழகம் கிட்டாத பிள்ளை என்றே இன்றும் பல வீடுகளிலே அறிமுகம் செய்கிறார்கள். தொழில் தெரிவிலே பண்பாடு ஏற்படுத்திய மெய்யான ஊறு எதுவென்று எம்மைக் கேட்டால், அரசாங்க உத்தியோக மோகத்தைச் சொல்ல மாட்டோம், இதனையே சொல்வோம்.

1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் எழுதுவினைஞரின் உலகத்தை உலுப்பியது. சிங்களத் தேர்ச்சி காட்டாதவரின் சம்பள உயர்வுகள் தடைப்பட்டன; பலர் முன்கூட்டியே இளைப்பாறினர். புதிதாகச் சேர முயன்றவருக்கோ வாயில் ஒடுங்கியது. எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு' நாவலிலே, கொழும்பில் எழுதுவினைஞனாயிருக்கும் ஒருவன் சில நாள் விடுமுறையிலே புகையிரதமேறி யாழ்ப்பாணம் வந்து, மனைவியோடு தனித்திருக்கவும் வாய்ப்பின்றி மீளும் கதை வருகிறது. முற்போக்கு அணியினர் இந்நாவலை ஆபாசம் என்று ஒதுக்கினர். ஆசிரியரின் இலக்கியக் கோட்பாட்டோடு எமக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆயினும் உத்தியோகம் என்ற ஒன்றுக்காக ஒரு வர்க்கம் தன் குடும்ப வாழ்வையே தவணை முறையில் வாழ நேர்ந்த அவலத்தை அது காட்டிய அளவுக்கு எமது அணியின் நாவல்கள் காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

எழுதுவினைஞர் பதவி அருகியபோது நாட்டம் அழிந்துவிடவில்லை. மருத்துவம், பொறியியல் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. விஞ்ஞானத் துறைகளுக்கு மொழித் தேர்ச்சி பெருந்தடையாயிருக்கவில்லை என்பதும், அவை வெளிநாட்டிலும் செல்லுபடியாகும் என்பதும் இதன் காரணங்கள். அந்நிலையிலேதான் தரப்படுத்தல் வந்தது. 1971 இலே மருத்துவபீட அனுமதிக்கு 400 புள்ளிகளில் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியதாயிற்று. ஓர் இளைஞர் தலைமுறையின் அரசியலை இது எவ்வாறு மாற்றியது என்பது அனைவரும் அறிந்தது. தொழில் தெரிவு என்று மென்மையாகப் பெயரிடப்படும் விடயத்துள்ளே அரசின் கை எவ்வளவு ஆழமாக நுழைந்திருந்தது என்பதையே இங்கு சுட்ட விரும்புகிறோம். 1974 இன் மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தைப் பாதித்தபோது வன்னி, மன்னார் போன்ற பின்தங்கிய தமிழ்ப் பகுதிகளின் பிள்ளைகளுக்கு முதன்முறையாக வழி திறந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. யாழ்ப்பாணத்தின் துயரமே தமிழரின் துயரம் என்று எழுதிப் பழகிய பேனாக்களுக்கு இதனைச் சொல்வது சற்றுக் கடினமாகவே இருந்துவந்துள்ளது.

இனி, பண்பாட்டு வாதத்தினர் விளக்க மறந்த ஒரு காலப்பகுதிக்கு வருவோம். 1970 முதல் 1977 வரை பதவியிலிருந்த அரசாங்கம் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாயின் விலை ஏறியது. துலா நின்ற இடத்திலே நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. குடாநாட்டுத் தோட்டக்காரர் கண்டறியாத வருவாயைக் கண்டனர். விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிலே படித்த வாலிபர் திட்டங்களிற் குடியேறியோர் காடு வெட்டிக் கிணறு தோண்டி மிளகாய் நட்டனர். இவர்களுட் பலர் க.பொ.த. வகுப்புவரை கற்றவர். கோறணமேந்துக் கோழியைத் தவிர வேறெதனையும் மேய்க்க விரும்பாத பண்பாடு என்று எதைச் சொன்னோமோ, அப்பண்பாட்டிலே பிறந்தவர். இரண்டு மூன்று போகங்களுக்குள்ளே பண்பாடு இவ்வளவு தூரம் வளைந்து கொடுத்ததே, எவ்வாறு?

விடை சிக்கலானதன்று. உழைப்புக்கு விலை கிடைத்தது. ஆகவே உழைப்புக்கு மதிப்பும் கிடைத்தது. 1977 இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிக் கதவை அகலத் திறந்தபோது அவ்விலை சரிந்தது. மதிப்பும் கூடவே சரிந்தது. அதன்பின் தோட்டத்தை விட்டு மத்திய கிழக்குக்கும், 1983 இன் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவரைப் பார்த்து, மண்ணை நேசிக்கத் தெரியாதவர் என்று குற்றஞ்சாட்டுவது எளிது. அவர்கள் மண்ணை நேசித்த ஏழாண்டுக் காலம் எவ்வாறு முடித்துவைக்கப்பட்டது என்று கேட்பதே கடினம்.

இங்கு எம்மை நாமே விமர்சித்துக்கொள்வதும் அவசியமாகின்றது. பொருளாதார அடித்தளம் மாறினால் பண்பாடு தானாகவே மாறும் என்று முற்போக்காளர் எழுதி வந்தனர்; நாமும் அவ்வாறு நம்பியதுண்டு. அது அவ்வளவு நேராக நிகழ்வதில்லை. தேவை மறைந்த பின்பும் பழக்கம் எஞ்சி நிற்கிறது. ரொறன்ரோவிலே பிறந்த பிள்ளைக்குத் தேசவழமையும் தெரியாது, மலாயாப் பென்சனும் தெரியாது. ஆயினும் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்ற மூன்று சொற்களையே வீட்டிலே கேட்டு வளர்கிறது. கிளிநொச்சியிலே விவசாயபீடம் இயங்குகிறது; அங்கு கற்போரிற் பலர் விரும்புவது விவசாயியாவதையன்று, விவசாய உத்தியோகத்தராவதையே. முன்னொரு காலத்தின் நியாயமான கணக்கு இவ்வாறு உறைந்து, காரணம் மறந்த கட்டளையாக மாறிவிடுகிறது. இக்கட்டளையின் வலிமையைக் குறைத்து மதிப்பிட்டமை எமது அணியின் பிழை.

ஆனால் எல்லா உத்தியோக நாட்டமும் இவ்வாறு உறைந்துபோன பழக்கமன்று. 2017 இலே யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் அரசாங்க நியமனம் கோரி மாதக்கணக்காகத் தெருவோரத்திலே அமர்ந்திருந்தபோது, சுயதொழில் செய்ய மனமில்லாதவர் என்று அவர்களை ஏளனம் செய்தோரும் இருந்தனர். மூன்று தசாப்த யுத்தத்திலே ஆலைகள் அழிந்து, சேமிப்புகள் அழிந்து, வீடுகளே பலமுறை இடம்பெயர்ந்த ஒரு பிரதேசத்திலே, மாதம் தவறாத சம்பளத்தையும் முதுமையிலே ஓய்வூதியத்தையும் நாடுவது பண்பாட்டுக் குறைபாடா? அழியாததாக அவர்கள் கண்டது அது ஒன்றுதானே.

பண்பாட்டு விளக்கத்தின் வறுமையை முஸ்லிம் மக்களைப் பற்றிய பொதுக்கூற்றும் காட்டும். வணிகமே அவர்தம் இயல்பு என்பர். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்வெளிகளிலே தலைமுறைகளாக நெல் விளைவிப்போர் யார் என்று அவர்கள் எண்ணுவதில்லை. 1935 இலே சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ், கல்முனையிற் பணியாற்றிய அனுபவத்தின் பின்னர் 1945 இலே முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்தார். படிப்பிலே நாட்டமில்லாதவர் எனப்பட்ட சமூகத்திலே குறையாயிருந்தது நாட்டமன்று, படிப்புக்கான பணமே என்று அவர் கண்டிருந்தார்.

மலையகத்துக்கு வரும்போது பண்பாட்டுப் பின்னணி என்னும் சொல் வெறும் தவறாக மட்டுமன்றி அநீதியாகவும் ஆகிறது. தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பிலே அக்கறையில்லை, பெற்றோருக்கும் தூண்டுதலில்லை என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அதைச் சொன்னவரிற் தமிழ் ஆசிரியரும் இருந்தனர். லயத்துப் பிள்ளை தோட்டத்துப் பள்ளியிலே ஐந்தாம் வகுப்புவரை, பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம், ஒரே மண்டபத்திலே கற்றது. அதற்குமேற் கற்பதற்கு அருகிலே பாடசாலை இல்லை. வயது வந்ததும் தோட்டத்திலே பேர் பதிவது ஒன்றே வழி. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியதனால், கற்றுத் தேறினும் அரசாங்க உத்தியோகம் கிட்டாது. யாழ்ப்பாணத்துத் தந்தை தன் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியபோது போட்ட அதே கணக்கைத்தான் தோட்டத்துத் தந்தையும் போட்டார். விடை வேறாக வந்ததற்கு அவர் பொறுப்பாளியல்லர். பேர் பதிந்தால்தான் லயத்தில் இருப்பிடம் உறுதி என்ற நிலையிலே, கொழுந்துக் கூடையைத் தெரிவு செய்தது அவரது பண்பாடா, துரையின் பேரேடா?

எழுபதுகளிலே தொடங்கித் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மலையக இளைஞர் ஆசிரியராகப் பெருந்தொகையில் நியமனம் பெற்றனர். கொட்டகலைக்கு அருகே பத்தனையிலே ஆசிரியக் கல்வியியற் கல்லூரியொன்றும் எழுந்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. அக்கறையில்லாதவர் எனப்பட்ட பெற்றோரே, தம் பிள்ளை ரீச்சராக வேண்டும் என்று வட்டிக்குப் பணம் வாங்கிப் பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பத் தொடங்கினர். ஒரு தலைமுறைக்குள்ளே நிகழ்ந்தது இது. அவ்வாசிரியர்களின் மாணவரிலே உயர்தரம் தாண்டாதோர் இன்று கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் நிற்கின்றனர். அவர்களுட் பலர் பிறந்த லயங்களிலோ, காணியுறுதி எவர் கையிலும் இல்லை.